எஞ்சினின் மூச்சு

ஓர் இயந்திரத்தைச் செப்பனிடக் கண்ணும் கையும் போதும் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். காதும் வேண்டும் என்பதை 1994-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பெரியவரிடம் கற்றேன். அந்தக் கதையைச் சற்று வெட்கத்துடன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பொழுது நான் ஆக்ஸ்போர்டில் மாணவன். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர், அந்நகருக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் ஊரில் இருந்த எம்.ஜி. கார்த் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். 1980-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் 1967-இல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் பந்தயச் சாயல் கொண்ட கார் ஒன்றை அவர் கைவிடவில்லை. அந்த வகைக் கார் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர்கள்; 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவு; எஞ்சினின் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகளைப்போல இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். முன்னது முதலிரு சிலிண்டர்களுக்கும், பின்னது மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் உணவூட்டும்.

எஸ்.யு. என்பது ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கம். காலணி வாணிகக் குடும்பத்தில் பிறந்த ஹெர்பர்ட் ஸ்கின்னர், 1905-ஐ ஒட்டி இதனை அமைத்தார். தொடக்கத்தில் இதில் தோலாலான துருத்தி ஒன்று இருந்தது. காலணிக் கடைக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்! பின்னர் துருத்தியின் இடத்திற்குப் பிஸ்டன் வந்தது.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நாம் பெட்ரோலைத் திறந்துவிடுகிறோம் என்றே பலரும் நினைக்கின்றனர். இந்தக் காரில் நாம் திறப்பது காற்றின் வழியை மட்டுமே. குழாயின் நடுவே ஒரு வட்டத் தகடு ஓர் அச்சில் திரும்புகிறது; அதுவே திராட்டில். அது திறந்தால் எஞ்சின் மிகுதியாகக் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலால் கார்புரேட்டரின் பிஸ்டன் மேலெழும். அதன் அடியில் உள்ள கூம்பிய ஊசியும் ஜெட் என்னும் துளையிலிருந்து உயரும். ஊசி நுனியை நோக்கி மெலிவதால் துளையின் இடைவெளி பெருகி, பெட்ரோலும் காற்றுக்கேற்பப் பெருகுகிறது. எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது முழுதும் எரிவதற்குரிய அளவு. இக்காலக் கார்களில் ஆக்ஸிஜன் உணரியும் கணினியும் இக்கணக்கைப் பார்த்துக்கொள்கின்றன. பழைய காரில் அதை நாமே பார்க்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெரியவர் என்னை அழைத்தார். மறுநாள் மனைவியுடன் கடற்கரை ஊரொன்றில் வாழ்ந்த தம் தமக்கையைப் பார்க்கப் புறப்படுவதாக இருந்தார். முதுமையால் மெல்லிய, கூரிய ஒலிகள் அவர் செவிக்கு எட்டாமற் போயின. கேட்க வேண்டிய வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

பிளக்குகளையும், தீப்பொறி எழும் நேரத்தையும் அவரே முன்னதாகச் சரிபார்த்திருந்தார். அவை பிழையாயிருக்கக் கார்புரேட்டரைத் தொடுவது வீண் வேலை. எஞ்சினைச் சூடாக்கி, காற்று வடிகட்டிகளைக் கழற்றி, இரு திராட்டில்களையும் இணைக்கும் தண்டின் பிடிகளைத் தளர்த்தினோம். அப்பொழுதுதான் ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைக்கலாம். திராட்டில் முழுதும் மூடும்வரை திருகைத் தளர்த்தி, பிறகு ஒன்றரைச் சுற்று திறந்து வைத்தோம். அடுத்து, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையை என் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்தேன். ‘உஸ்’ என்னும் ஓசை கேட்டது. இரண்டிலும் அது ஒரே அளவாகும்வரை திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்.

பிறகு கலவை. ஜெட்டின் அடியில் ஆறு பட்டை கொண்ட ஒரு நட்டு உண்டு. அதை ஒரு வேளைக்கு ஒரு பட்டையளவே திருப்ப வேண்டும். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தால் எஞ்சினே விடை சொல்லும்: வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் மிகுதி, தள்ளாடி அடங்கினால் பெட்ரோல் குறைவு, இலேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

முன் கார்புரேட்டர் எளிதில் அமைந்தது. பின்னது எப்பொழுதும் பெட்ரோல் குறைவென்றே காட்டியது. நான் நட்டை ஒவ்வொரு பட்டையாக இறக்கிக்கொண்டே போனேன். ஒருவாறு எஞ்சின் சீராயிற்று. இதற்கிடையே இன்னொன்றும் நிகழ்ந்தது. குழாயை வாயிலிருந்து எடுத்த பின்னும், திராட்டில் அச்சின் ஓரத்தில் ஒரு மெல்லிய சீழ்க்கை என் காதில் விழுந்தது. அதைச் சொன்னால் வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்று அஞ்சினேன். பெரியவர் ஏதேனும் கேட்கிறதா என்றார். எல்லாம் சமமாக இருக்கிறது என்றேன்.

மறுநாள் இரவு மழையில், அந்தக் கார் இழுவை வண்டி ஒன்றின் பின்னால் திரும்பி வந்தது. அம்மையார் நனைந்த மேலங்கியுடன் பேசாமல் உள்ளே போனார். பாதி வழியில் ஒரு மேட்டில் எஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிட்டதாம். பெரியவர் பின்னிரு பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். இரண்டும் கரி படிந்து கறுத்திருந்தன.

காரணம் இதுதான். பல்லாண்டு உழைப்பில் பின் திராட்டிலின் அச்சுத் தேய்ந்து, அதன் ஓரமாகக் காற்றுக் கசிந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அக்கசிவே பெரிது. ஆகவே பெட்ரோல் குறைவாகத் தோன்றியது. அதை ஈடுசெய்ய நான் பெட்ரோலைக் கூட்டினேன். திராட்டில் அகலத் திறந்தபோது கசிந்த காற்று மொத்தத்தில் அற்பமாயிற்று; நான் கூட்டிய பெட்ரோலோ அப்படியே நின்றது. சீழ்க்கையைப் பற்றி அப்பொழுதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஓடும் எஞ்சினின் அந்த அச்சு முனையில் சில சொட்டு விட்டார். கசிவு அடைபட, எஞ்சினின் ஓட்டம் உடனே மாறியது.

புதிய அச்சும் அதற்கான உறைகளும் பொருத்த ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் குழாயைக் காதில் வைத்தேன். இரண்டும் சமம் என்றேன். அவர் பிடிகளை இறுக்கினார். ஒன்றும் சொல்லாமல் ஒரு திருகை மயிரிழை திருப்பிவிட்டு, இப்பொழுது எப்படி என்று கேட்டார். முன்னதில் ஓசை கூடிவிட்டது என்றேன். அதே அளவு திருப்பிப் பழையபடி வைத்தார். வேறு ஏதேனும் கேட்கிறதா என்றார். அச்சின் பக்கம் குனிந்து நெடுநேரம் கேட்டுவிட்டு, இல்லை என்றேன். பானெட்டை மூடினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் புறப்பட்டனர்.