இந்திய வானில் லிபரேட்டர்: வண்ணமும் குறியும்

போர்க்காலக் கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் மேல் பூசப்படும் வண்ணத்துக்கு இரண்டு வேலைகள். எதிரியின் கண்ணுக்குப் படாமல் விமானத்தை மறைக்க வேண்டும். சொந்தப் படை தவறாகச் சுட்டுவிடாதபடி அதை அடையாளமும் காட்ட வேண்டும். ஒன்றை நன்றாகச் செய்தால் மற்றது கெடும். இரண்டாம் உலகப் போரில் வண்ணத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறியதற்கு இந்த இழுபறியே பெரும் காரணம். இதை ஆராய இந்தியாவுக்கு வாய்த்த சிறந்த சான்று பி-24 லிபரேட்டர். நான்கு என்ஜின், இரட்டை வால், ஏறத்தாழ 33 மீட்டர் இறக்கை கொண்ட இந்த அமெரிக்க விமானம் முதலில் பிரிட்டிஷ் குறிகளோடும் பின்னர் இந்தியக் குறிகளோடும் இங்கே பறந்தது. அதன் கடைசிப் பணி நாள் 1968 டிசம்பர் 31.

மறைப்பு வண்ணத்தின் அடிப்படை எளியது. மேலிருந்து பார்ப்பவனுக்கு விமானம் தரையோடு கலக்க வேண்டும். கீழிருந்து பார்ப்பவனுக்கு வானோடு கலக்க வேண்டும். பிரிட்டிஷ் இரவுக் குண்டுவீச்சு விமானங்களின் மேற்பரப்பில் கரும்பச்சையும் மண் பழுப்பும் திட்டுத்திட்டாகப் பூசப்பட்டன, அடியில் கறுப்பு. முதலில் பயன்பட்ட கறுப்பு வெல்வெட்டுத் துணிபோல் பளபளப்பே இல்லாதது. அதன் சொரசொரப்பு காற்றை இழுத்து வேகத்தைக் குறைத்தது. எளிதில் உதிரவும் செய்தது. அதனால் வழவழப்பான கறுப்புக்கு மாறினார்கள். கடல் ரோந்து விமானங்களின் கதை நேரெதிர். பகல் வானத்தின் பின்னணியில் எந்த விமானமும் இருட்டாகத்தான் தெரியும் என்பதால் அவற்றின் அடியிலும் பக்கங்களிலும் வெள்ளை பூசப்பட்டது. மீன் தேடிக் கடல்மேல் பறக்கும் பறவைகள் பலவற்றின் வயிறு வெள்ளையாக இருப்பதற்கும் இதே விளக்கத்தைச் சொல்வதுண்டு.

அடையாளம் காட்டுவதில் ஆசியப் போர்முனைக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் எழுந்தது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானிய விமானங்களின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். தூரத்தில், சில நொடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டிய துப்பாக்கிக்காரனுக்குச் சிவப்பு தெரிந்தாலே போதும், சுட்டுவிடுவான். அமெரிக்கப் படை 1942 மே மாதமே தன் நட்சத்திரச் சின்னத்திலிருந்து சிவப்புப் பொட்டை எடுத்துவிட்டது. இந்தியாவிலும் பர்மா எல்லையிலும் பறந்த விமானங்களில் சிவப்பை நீக்கி நீலமும் வெள்ளையும் மட்டும் வைத்தபோது அடுத்த தொல்லை வந்தது: வெள்ளை பளிச்சென்று தெரிந்து மறைப்பு வண்ணத்தையே காட்டிக்கொடுத்தது. கடைசியில் கருநீல வட்டத்துக்குள் வெளிர்நீல வட்டம் என்ற வடிவம் நிலைத்தது. தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் கீழிருந்த விமானங்களை இன்றும் பழைய படங்களில் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய உதவுவது இந்த இரட்டை நீலமே. 

லிபரேட்டர்களின் போர்க்காலத் தளங்கள் பெரும்பாலும் வங்காளத்தில் இருந்தன, இலங்கையிலும் சில. 160-ஆம் ஸ்குவாட்ரன் சிகிரியாவிலும், 1944-இல் காங்கேசன்துறையிலும், அதற்குப் பின் மின்னேரியாவிலும் இருந்து பறந்தது. 1945 மார்ச்சில் அதன் விமானங்கள் இலங்கையிலிருந்தே சிங்கப்பூர் வரை சென்று கடலில் கண்ணிவெடிகளைப் போட்டுத் திரும்பின. அதற்கு முன்பே, 1944 ஆகஸ்ட் 10 அன்று, திருகோணமலையின் சீனன்குடா தளத்திலிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் சுமத்ராவின் பலெம்பாங்கை நோக்கிப் புறப்பட்டிருந்தன. போக வர ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பி-29 விமானங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மறைப்பு வண்ணமே கிடையாது. அலுமினியம் வெயிலில் மின்னும். எதிரி வானில் ஜப்பானியப் போர்விமானங்களின் பலம் குறைந்தபின், பூச்சின் எடையும் அது தரும் காற்றுத்தடையும் வீண் சுமையாகிவிட்டன. வெப்ப நாட்டுப் பணிக்கென்று பிரிட்டன் ஆயத்தம் செய்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களுக்கு மேற்புறம் வெள்ளை, அடிப்புறம் கறுப்பு. வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளை. ஜப்பான் சரணடைந்ததால் அவை போருக்குப் போகவில்லை. 1946 தொடக்கத்தில் 9, 617 ஆகிய இரு ஸ்குவாட்ரன்கள் மட்டும் வங்காளத் தளங்களுக்கு வந்து சில மாதம் தங்கிச் சென்றன.

போர் முடிந்ததும் லிபரேட்டர்கள் கான்பூரின் சகேரி தளத்தில் குவிக்கப்பட்டன. கடன்-குத்தகை ஒப்பந்தத்தின்படி வந்த அமெரிக்கச் சொத்து அவை. வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி சிதைத்துவிட்டே பிரிட்டிஷார் வெளியேறினர். என்ஜின்களுக்குள் மணல் போனது. உடற்பகுதிகள் குத்திக் கிழிக்கப்பட்டன. இனி இவை பறக்காது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கைவிரித்த குப்பையைத்தான் பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பர்கள் பிரித்து, பொருந்தும் பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். கான்பூரில் ஒட்டுப்போட்ட விமானங்களைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழுப் பழுதுபார்ப்பு அங்கே நடந்தது. இப்படிப் பிழைத்தவை நாற்பதுக்கும் மேல். 1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றைக் கொண்டே உருவானது. பின்னர் 6-ஆம் ஸ்குவாட்ரன் கடல் ரோந்துக்கு இவற்றைக் கடைசிவரை வைத்திருந்தது.

பல விமானங்களின் உறுப்புகள் ஒரே உடலில் சேர்ந்ததால், இந்திய லிபரேட்டரின் மேற்பூச்சைச் சுரண்டினால் அடுக்கு அடுக்காக வரலாறு வெளிவரக்கூடும்: உலோகத்தை ஒட்டி மஞ்சள்பச்சையான துத்தநாகக் குரோமேட் அடிப்பூச்சு, அதன்மேல் பிரிட்டிஷ் கால நீலத்தின் மிச்சம், அதற்கும் மேல் இந்தியக் குறி. ஒரு பலகையில் உள்ள அடுக்கு பக்கத்துப் பலகையில் இல்லாமலும் போகலாம். இந்தியக் குறிகளிலும் இரண்டு காலம் உண்டு. விடுதலைக்குப் பின் சில ஆண்டுகள் வெள்ளைப் பின்னணியில் நீல அசோகச் சக்கரமே வட்டச் சின்னமாக இருந்தது. 1950-இல் குடியரசானதோடு காவி, வெள்ளை, பச்சை வட்டங்கள் வந்தன. வெளிவட்டம் காவி, நடுப்பொட்டு பச்சை. பழைய பிரிட்டிஷ் எண் போய் ‘எச்இ’ என்று தொடங்கும் இந்திய வரிசை எண் ஏறியது.

இந்தக் கடைசி அடுக்குதான் இன்று உலகில் அரிதாகிவிட்டது. முழுதாக எஞ்சிய லிபரேட்டர்களில் கணிசமானவை இந்திய விமானப்படையிலிருந்து போனவை. லண்டன் ஹென்டன் அருங்காட்சியகத்தில் நிற்பது எச்இ 807. 1974-இல் பிரிட்டன் சென்றது. அது முன்பு கேஎன் 751 என்ற எண்ணோடு கோகோஸ் தீவில் 99-ஆம் ஸ்குவாட்ரனில் இருந்ததால், அந்தப் பழைய குறிகளையே சுமந்து நிற்கிறது. இதில் குறை சொல்ல இடமில்லை. கனடா தலைநகரிலுள்ள எச்இ 773-க்குக் கனடியக் குறி. அமெரிக்காவில் 1989-இல் மீண்டும் பறக்கத் தொடங்கிய எச்இ 771-க்கோ ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வேடங்கள். மூன்றும் வேறு விமானங்களுக்கோ படைப்பிரிவுகளுக்கோ உரியவை. விமானத்தின் மூக்கில் வரையப்படும் ஓவியத்துக்கு அமெரிக்கப் பார்வையாளரிடையே உள்ள கவர்ச்சி புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயினும் அந்த விமானம் போரில் பறந்த காலத்தைவிட இந்தியாவில் பறந்த காலமே பன்மடங்கு நீளம். டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்று மட்டும் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டது.

எனவே இந்தியக் காலத்துத் தோற்றத்தை மீட்க முதன்மைச் சான்று பழைய புகைப்படங்கள். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் சேலையூர் முதல் கோவிலம்பாக்கம் வரையிலான புறநகரில் ஓய்வுபெற்ற படையினர் பலர் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஆல்பங்கள் இத்துறைக்குப் பயன்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ணம் பார்ப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது: அதில் காவி கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். பான்குரோமேட்டிக் ஃபிலிமில் காவியும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகலாம். ஆகவே சாயலை நம்பாமல் வடிவத்தை முதலில் பார்க்க வேண்டும். ஆரங்கள் தெரிந்தால் 1950-க்கு முந்தைய சக்கரச் சின்னம். வெளிவட்டத்துக்கும் நடுப்பொட்டுக்கும் இடையே வெள்ளை வளையம் இருந்தால் மூவர்ணம் என்று கொள்ள இடமுண்டு; வெள்ளையே இல்லாமல் இரண்டு நிறம் மட்டும் இருந்தால் போர்க்கால இரட்டை நீலம். மூவர்ணத்தை, சிவப்புப் பொட்டு திரும்பவும் ஏறிய போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் சின்னத்திலிருந்து பிரிக்க வரிசை எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் போதும்.