புதுப் பசு வாங்குமுன்

(கலகெதரயில் மீளக்குடியேறிய குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திரும்பி வந்த பலர் எங்களிடம் கேட்கிறீர்கள்: "உதவித்தொகையில் உயர் ரகப் பசு வாங்கலாமா? பால் கறக்கும் இயந்திரம் எடுக்கலாமா?" வாங்கலாம். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் இலாபமும் கடனும் பிரிகின்றன.

2017இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து ஏறக்குறைய 5,000 சினைப்பசுக்கள் நம் நாட்டுக்கு வந்தன. எதிர்பார்த்த பால் பலருக்குக் கிடைக்கவில்லை. மாடுகளைப் பறிகொடுத்துக் கடனில் சிக்கியவர்களும் உண்டு. காரணத்தை ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. நாம் மனதில் வைக்க வேண்டியது இது: அதிகம் கறக்கும் பசு அதிகம் தின்னும், அதிகம் குடிக்கும், வெப்பத்தைத் தாங்காது. தீனி குறைந்தால் முதலில் பால் குறையும். பிறகு உடல் இளைக்கும். பிறகு சினை பிடிக்காது.

ஆகவே முதலில் தண்ணீர். ஒரு லீற்றர் பால் சுரக்கப் பசுவுக்கு நான்கைந்து லீற்றர் தண்ணீர் வேண்டும். இரவும் பகலும் தொட்டியில் தண்ணீர் நிற்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

அடுத்தது புல். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 புல் நம் பக்கத்திலும் நன்றாக வளரும். வேர்பிடித்த பின் சுமார் 45 நாளுக்கு ஒருமுறை வெட்டலாம். சரிவில் குறுக்கு வரிசையாக நட்டால் மண்ணையும் பிடித்துக்கொள்ளும். வேலிக்குக் கிளிரிசிடியா நடுங்கள். அதன் இலையும் தீனிதான். மழைக்காலத்தில் மிஞ்சும் புல்லை நறுக்கி, பீப்பாயில் இறுக்கி, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் வரட்சி மாதங்களுக்கு உதவும்.

மூன்றாவது, செயற்கை முறைச் சினைப்படுத்தல். இருக்கிற நாட்டுப் பசுவிடமே நல்ல கலப்பினக் கன்று பெறலாம். அது பிறந்தது முதல் நம் வெயிலுக்கும் நம் தீனிக்கும் பழகி வளரும். பசு ஓயாமல் கத்துகிறதா, கண்ணாடி போலச் சளி வடிகிறதா, மற்ற மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினைப்படுத்த வேண்டும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தீனிச் செலவு மட்டும்தான். தொழுவத்தில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டுத் திகதியைக் குறியுங்கள். அதுவும் ஒரு தொழில்நுட்பம்தான்.

ஒன்றிரண்டு பசுவுக்குக் கையால் கறப்பதே போதும். சரியாகக் கழுவாத இயந்திரம் மடிநோயைக் கொண்டுவரும்.

இடம்பெயர்வில் மாட்டின் பதிவுகளைத் தொலைத்தவர்கள் இந்த வாரமே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய் மீண்டும் பதிந்துகொள்ளுங்கள். சினைப்படுத்துநரின் தொலைபேசி இலக்கத்தையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். மாட்டைத் தினமும் பார்ப்பது பெரும்பாலும் அம்மாமார்தான். நீங்களே நேரில் போவது நல்லது.