தாரும் பொன்னும்



நம்மில் பலர் வீட்டில் பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு படம்தான். ரேஷன் அட்டைக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ எடுத்தது. அவர் இறந்ததும் அதையே ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை சாத்துகிறோம். அரசுக்காக எடுத்த முகம் அன்றுதான் நம் வீட்டு முகமாகிறது. அமெரிக்க ஓவியர் ஒருவரும் இப்படி ஒரு காரியம் செய்தார். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

டைட்டஸ் கேஃபர் 1976இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த கருப்பினத்தவர். 2011இல், சிறை சென்றிருந்த தன் தந்தை ஜெரோமின் பதிவுகளை இணையத்தில் தேடினார். அதே பெயரும் அதே குடும்பப் பெயரும் கொண்ட எத்தனையோ கருப்பின ஆண்களின் கைதுப் படங்கள் வந்து நின்றன. அப்பாவைத் தேடிப் போனவருக்கு ஒரு கூட்டமே கிடைத்தது.

அந்த முகங்களைச் சிறு மரப்பலகைகளில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பின்னணியில் தங்கத் தகடு ஒட்டினார். பழைய தேவாலயங்களில் புனிதர்களின் படங்களுக்கு இடும் பொன் அது. ஜெரோம் என்பது ஒரு புனிதரின் பெயரும்கூட. பிறகு பலகைகளைத் தாரில் முக்கினார். முதலில், சிறையில் கழிந்த காலத்துக்கு ஏற்பத் தாரின் மட்டம் உயர்ந்தது. பின்னர் அந்தக் கணக்கைக் கைவிட்டார். சிறை பறிப்பதைத் தண்டனைக் காலத்தைக் கொண்டு அளந்துவிட முடியுமா? சில படங்களில் தார் வாயை மூடியிருக்கிறது. கண்கள் மட்டும் நம்மைப் பார்க்கின்றன. 2014இல் நியூயார்க்கின் ஹார்லெம் ஸ்டுடியோ அருங்காட்சியகத்தில் இவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

நம்மையும் அதிகாரம் படம் பிடித்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் படங்களுக்குக் கீழே சாதிப் பெயரைப் பார்க்கிறோம். நிற்கும் ஆளின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. அங்கே ஒரே பெயருக்குள் பல மனிதர்கள் தொலைந்தார்கள். இங்கே சாதிப் பெயருக்குள் மனிதரின் பெயர் தொலைந்தது.

கேஃபரிடம் நாம் கற்க வேண்டியது பொன் பூசுவதை அல்ல. அதை நாமும் செய்கிறோம். நம் முன்னோரைப் பற்றி எழுதும்போது சிறையை, கடனை, குடியை, செத்த மாடு தூக்கிய நாளை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எழுதிவிடுகிறோம். அவர் தாரை மறைக்கவில்லை. தாரைப் பூசிய கை எது என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. தாரைத் துடைத்துவிட்டால் அந்தக் கையும் தப்பித்துவிடும்.

நினைவுச் சொற்பொழிவு என்பதே ஒரு பெயரை மறக்க விடாமல் வைத்திருக்கும் வேலைதான். மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. வீட்டுக்குப் போனதும் சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றுங்கள். அவர் பெயர், ஊர், செய்த வேலை, பட்ட அவமானம், எதிர்த்து நின்ற நாள், எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கேட்டுப் பின்புறம் எழுதுங்கள். பிறகு மாட்டுங்கள்.

ஜெய்பீம்.