எழுத்தில் இல்லாத கடனும் கடன்தான்



நம்ம அளத்தில் நடக்கக்கூடிய ஒரு விஷயத்தையே எடுத்துக்கலாம். மழை கறுத்துக்கிட்டு வருது. குவிச்ச உப்பு கரைஞ்சிடும்னு நாலு பொம்பளைங்களை அவசரமா கூப்பிடுறாங்க. அவங்க ஓடிப்போய் தார்ப்பாய் போட்டு மூடுறாங்க. உப்பு தப்பிச்சிடுது. மறுநாள் கூலி கேட்டா, "கூலி பேசவே இல்லையே, எழுத்து இருக்கா?"ன்னு கேட்டா என்ன செய்யறது?

எழுத்து வேண்டாம்னு சட்டமே சொல்லுது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 70-ஆம் பிரிவு. செய்த வேலை சட்டத்துக்கு உட்பட்டதா இருக்கணும். இனாமா செய்யற எண்ணம் இருந்திருக்கக் கூடாது. அடுத்தவர் அதோட பலனை அனுபவிச்சிருக்கணும். இந்த மூணும் இருந்தா அவர் ஈடு கொடுத்தாகணும். அடுத்தவர் உழைப்பிலும் பணத்திலும் உரிமை இல்லாம ஆதாயம் அடையக் கூடாது, அவ்வளவுதான். இதை ‘நியாயமற்ற ஆதாயம்’னு சொல்றாங்க.

1894-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒண்ணு இருக்கு. ஒரே ஏரித் தண்ணி அரசாங்க ஊர்களுக்கும் ஜமீன் ஊர்களுக்கும் பாஞ்சுது. அரசாங்கம் செலவு செய்து ஏரியை மராமத்து பண்ணுச்சு. ஜமீன்தார்களும் பலனை அனுபவிச்சாங்க. அதனால, ஒப்பந்தம் போடாவிட்டாலும் செலவில் அவங்களும் பங்கு தரணும்னு தீர்ப்பாச்சு.

இந்தச் சட்டம் நம்மையும் கேள்வி கேட்கும். வேற குழுவோட பணம் நம்ம குழுக் கணக்கில் தவறுதலா வந்துட்டா, "வந்தது வரட்டும்"னு பங்கு போட முடியாது. தவறுதலா வந்ததைத் திருப்பித் தரணும்னு 72-ஆம் பிரிவு சொல்லுது. ஆனா போனில் யாரோ கேட்டாங்கன்னு உடனே அனுப்பிடாதீங்க, ஏமாத்துறவங்களும் இருக்காங்க. வங்கியில் எழுதிக் கொடுத்து, வங்கி வழியாவே திருப்புங்க. தீர்மான நோட்டிலும் பதிஞ்சு வையுங்க.

பக்கத்து வீட்டுக்கு அன்பா செய்த உதவிக்கு, பிறகு சண்டை வந்ததும் காசு கேட்க முடியாது. அது இனாம். நியாயமா வரவேண்டிய பணத்துக்கும் பொதுவா மூணு வருஷத்துக்குள் வழக்குப் போடணும்.

அதனால, வேலை செய்த தேதி, கூப்பிட்டவர் பேர், கூட இருந்தவங்க பேர், எத்தனை மணி நேரம்னு அன்னைக்கே நோட்டில் எழுதுங்க. வக்கீலுக்குக் காசில்லையேன்னு விட்டுடாதீங்க. 1987-ஆம் ஆண்டு சட்டப்படி, வருமானம் எவ்வளவா இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

நமக்கு வரவேண்டியதைத் தைரியமா கேட்போம். நம்மகிட்ட தவறி வந்ததைத் தயங்காம கொடுப்போம்.