விரைவைக் குறிக்கும் வினைச்சொற்கள்

ஒரு கருத்தை உணர்த்தப் பல சொற்கள் வழங்குவது ஒரு மொழியின் வளத்துக்கு அடையாளம் என்பர். அவ்வளமே அம்மொழியைப் புதிதாகப் பயில்வோனுக்கு இடர்ப்பாடாகவும் அமைந்துவிடுகின்றது. ஆங்கிலத்தில் விரைந்து செல்லுதலைக் குறிக்கும் வினைச்சொற்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ரன், ரஷ், ஹறி, ஹேசன், டாஷ், டார்ட், போல்ட், ஸ்கறி, ஸ்காம்பர், ஃப்ளீ என்று அவற்றின் வரிசை நீண்டு செல்லும். மாணாக்கர் தம் குறிப்பேட்டில் இவை அனைத்துக்கும் நேரே 'ஓடு' அல்லது 'விரை' என்று எழுதி, ஒத்த சொற்கள் எனப் பெயரிட்டு மனனஞ் செய்கின்றனர்.

பாடசாலைப் பரிசளிப்பு விழாவைப் பற்றிக் கட்டுரை வரையும் மாணாக்கன் ஒருவன், பிரதம விருந்தினர் மேடைக்கு விரைந்து வந்தார் என எழுத விரும்புகின்றான் என்று கொள்க. ரன் என்னுஞ் சொல் மிக எளியது எனக் கருதி, பட்டியலிலிருந்து ஸ்கறி என்பதை எடுத்து அமைக்கின்றான். இலக்கணப் பிழை இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆயினும் ஆங்கிலம் அறிந்தவர் நகைப்பர். ஸ்கறி என்பது எலி, நண்டு முதலிய சிறு பிராணிகள் குறுநடையிட்டுப் பரபரவென்று ஓடுவதைக் குறிக்கப் பெரிதும் பயில்வது. மாலையணிந்த பெருமகனை அச்சொல் எலியாக்கிவிட்டது.

ஒத்த சொற்களைத் தொகுத்த ஆங்கில நூல்களுட் புகழ் மிக்கது, பீற்றர் மார்க் ரொஜே என்னும் மருத்துவர் 1852ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தெசோரஸ்' ஆகும். 1779இற் பிறந்த அவர், 1805ஆம் ஆண்டிலேயே தம் சொந்தப் பயனுக்காக அத்தகைய தொகுப்பொன்றை ஆக்கி வைத்திருந்தார். அது நூலாக வெளிவந்த காலத்தில் அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. சொற்களை அகர வரிசையில் வைக்காது கருத்து வரிசையில் வைத்தமை அதன் சிறப்பு. ஆனால், அந்நூல் எந்தச் சொல்லுக்கும் பொருள் விளக்கந் தருவதில்லை. சொற்களின் வேறுபாட்டை முன்னரே அறிந்த ஒருவன், தக்க சொல் நினைவுக்கு வாராதபோது தேடி எடுப்பதற்கு அது துணை செய்யும். வேறுபாடு அறியாதவனுக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாகும். இன்று கணினியுங் கைத்தொலைபேசியும் நொடிப்பொழுதில் தரும் சொற்பட்டியல்களுக்கும் இது பொருந்தும்.

சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால் அவற்றின் வேறுபாடு தெளிவாகும. டார்ட் என்பது கையால் எறியும் சிறு வேலின் பெயர். ஆகவே அவ்வினை, எறிந்த வேல் போலச் சட்டென நேரே பாய்தலை உணர்த்தும். போல்ட் என்பது குறுக்குவில்லின் கட்டையான அம்பு; குதிரை மிரண்டு திமிறி ஓடும்போது இச்சொல் வரும். டாஷ் என்பது முதலில் மோதியடித்தலைக் குறித்தது. இன்று சிறு தூரத்தை ஒரே வேகத்திற் கடத்தலைக் குறிக்கின்றது. ரஷ் என்பதன் பழம்பொருள் நெருக்கித் தள்ளுதல். கதவு திறந்ததும் முண்டியடித்துப் புகும் கூட்டத்துக்கு அது மிகப் பொருந்தும். ட்றொட், கலொப் என்பன குதிரையின் நடை வகைகள். ஸ்காம்பர் என்பது முன்னாளில் தப்பியோடுதலைக் குறித்துப் பின்னர் குழந்தைகளும் நாய்க்குட்டிகளும் துள்ளி ஓடுதற்கு உரியதாயிற்று.

ஹேசன், ஹறி என்னும் இரண்டும் உள்ளத்தின் நிலையைச் சார்ந்தவை. முன்னையது கருமத்திற் கருத்தூன்றி விரைதல். பின்னையதிற் பெரும்பாலும் பதற்றமுங் கலந்திருக்கும். ஸ்பீட் என்னுஞ் சொல்லோ பண்டை ஆங்கிலத்தில் வெற்றி, ஆக்கம் என்னும் பொருளையே கொண்டிருந்தது. அவசரம் மிகுந்தால் ஸ்பீட் குறையும் என்னும் ஆங்கிலப் பழமொழியில் அப்பழைய பொருளே பொதிந்துள்ளது. பதறாத காரியம் சிதறாது என்று தமிழர் கூறுவதும் இதுவே.

இனி, எல்லாவற்றிலும் எளியதெனத் தோன்றும் ரன் என்பதை நோக்குக. ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் இவ்வினைக்கு மாத்திரம் 645 பொருள்கள் கணக்கிடப்பட்டதாக 2011இற் செய்தி வெளியாயிற்று. ஆறு ஓடும், இயந்திரம் ஓடும், கடையை ஒருவர் நடத்துவதும் இச்சொல்லே. தேர்தலிற் போட்டியிடுபவர் பிரித்தானியாவில் 'நிற்பார்'. அமெரிக்காவில் அவரே 'ஓடுவார்'. எளிய சொல் என்று இகழ்தற்கு இடமில்லை.

தமிழிலும் ஒத்த சொற்களைத் தொகுக்கும் மரபு மிகப் பழையது. கதழ்வு, துனைவு என்னும் இரு சொற்களும் விரைவைக் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறுகின்றது. எனினும், ஓட்டத்தின் வகையை உணர்த்தத் தமிழ் பெரும்பாலும் வினையெச்சத்தின் துணையை நாடும். துள்ளியோடினான், திமிறியோடினான், பதறியோடினான், தப்பியோடினான் என்பவற்றில் 'ஓடினான்' என்பது பொது. அதன் முன்னுள்ள எச்சமே சிறப்பு. ஆங்கிலமோ எச்சத்தையும் முற்றையும் ஒரே வினைக்குள் அடக்கிவிடுகின்றது. ஆதலின் ஸ்காம்பர் என்பதற்கு 'ஓடு' என எழுதும் மாணாக்கன் அச்சொல்லிற் பாதியையே எழுதியவனாவான். 'துள்ளியோடு' என எழுதினால்தான் முழுச்சொல்லும் அவன் வசமாகும்.

இஃது பரீட்சைப் புள்ளிகளோடு முடியும் காரியமன்று. சாட்சி ஒருவர் தமிழில், "அவன் ஓடினான்" என்று மட்டுமே கூறுகின்றார். அதனை ஆங்கிலத்திற் பெயர்ப்பவர் ரன் என்று எழுதினால், நிகழ்ந்தது மாத்திரம் பதிவாகும். ஃப்ளீ என்று எழுதினாலோ, சாட்சி கூறாத 'தப்பி' என்னும் எச்சம் தானே வந்து சேர்ந்துவிடும். ஓடியவன் வைத்தியரை அழைக்க ஓடியிருக்கலாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கலாம். அவன் குற்றத்துக்கு அஞ்சி ஓடினான் என்னும் ஐயத்தை ஒரு சொல் விளைத்துவிடும். மறுபுறம், குண்டு விழும் ஊரைவிட்டுக் குழந்தையைச் சுமந்து ஓடிய தாய்க்கு ரன் என்பது போதாது. அவளைத் துரத்திய அபாயத்தை ஃப்ளீ என்னுஞ் சொல்லே உணர்த்தும். முன்னையவனுக்கு இல்லாததைச் சேர்த்தல் அநீதி. பின்னையவளுக்கு உள்ளதை நீக்குதலும் அநீதியே.

ஆதலின் ஆங்கிலம் பயில்வோர் இச்சொற்களைப் பட்டியலாகக் கற்பதை விடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்துக் கற்றல் வேண்டும். ஓடுவது யார், எதனை நோக்கி அல்லது எதற்கு அஞ்சி ஓடுகின்றார், எவ்வாறு ஓடுகின்றார் என்று வினவி, அதற்குரிய தமிழ் எச்சத்தையும் உடன் எழுதிக்கொள்ளுதல் நலம். ஒரு நாளைக்கு ஒரு சொல்லை இவ்வாறு கற்றாலும் போதும். விரைவைக் குறிக்குஞ் சொற்களைக் கற்பதற்கு விரைவு உதவாது.