டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் வாரங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை வருமான வரி பற்றித்தான் பேசச் சொன்னார். இந்தத் தடவை வேறு விஷயம் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தலைப்பைச் சொன்னதும் அவர் கொஞ்சம் தயங்கினார். குழந்தைகள் கீழே விளையாடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மைக்கைக் கொடுத்திருக்கிறார், நன்றி.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, ஆஸ்பத்திரியில் பிழைத்து, வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்களைப் பற்றியது இது. நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் சில ஆராய்ச்சிகளைப் படித்தபோது, இதில் டாக்டர் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது என்று தெரிந்தது. அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர். 1960களின் கடைசியில் அவர் ஒரு வேலையை ஆரம்பித்தார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்து வெளியே போனவர்களில், மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று விட்டுவிட்டவர்கள் 843 பேரை எடுத்துக்கொண்டார். கண்டபடி பொறுக்காமல், சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு எதுவும் செய்யவில்லை. இன்னொரு பிரிவுக்குக் கடிதம் போட்டார்கள். முதல் நாலு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் நாலு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் 5 வருஷத்தில் 24 கடிதம்.

கடிதத்தில் என்ன இருந்தது? இரண்டு மூன்று வரி. நீங்கள் இங்கிருந்து போய் நாளாகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அவ்வளவுதான். மருந்து சாப்பிட்டீர்களா, ஏன் செக்கப்புக்கு வரவில்லை என்ற விசாரணை கிடையாது. முதல் இரண்டு வருஷத்தில், கடிதம் வாங்கியவர்களில் தற்கொலை செய்துகொண்டவர்களின் விகிதம் மற்றப் பிரிவில் இருந்ததில் ஏறக்குறைய பாதி.

இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பேலன்ஸ் முதல் தடவையே டேலி ஆனால் சந்தேகப்படுகிற புத்தி. ஆகவே மேலும் தேடினேன். பிறகு வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலன் வந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் நியூகாசில் என்ற ஊரில் ஒரு வருஷத்தில் எட்டு போஸ்ட் கார்டு அனுப்பினார்கள். 2005இல் அதன் முடிவு வந்தது. மறுபடி முயன்ற ஆட்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மொத்தம் எத்தனை தடவை முயன்றார்கள் என்று எண்ணினால் சுமார் பாதி. இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது.

அடுத்தது நம் ஊர். உலக சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் ஒரு ஆராய்ச்சி நடத்தியது. பிரேசிலில் ஒரு ஊர், ஈரானில் ஒன்று, சீனாவில் ஒன்று, இலங்கையில் கொழும்பு, ஐந்தாவது சென்னை. சென்னையில் இதில் பங்கெடுத்தவர் சிநேகா அமைப்பை 1986இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார். தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு, போகும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு போனிலோ நேரிலோ ஒன்பது தடவை விசாரித்தார்கள். அந்தத் தேதிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 1, 2, 4, 7, 11ஆவது வாரம், அப்புறம் 4, 6, 12, 18ஆவது மாதம்.

2008இல் முடிவு வெளியானது. 18 மாதத்தில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஆயிரம் பேருக்கு 22 என்பது 2 ஆகிறது. இந்தக் காகிதத்தை நான் இரண்டு நாள் மேஜைமேலேயே வைத்திருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் என்னோடு பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வேலைக்கு வந்தார். என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்தால் கிரிக்கெட் பேச்சு ஆரம்பிக்கும். நானும் அதில் ஒருவன். என்ன கேட்பது, கேட்டால் மனம் புண்படுமோ என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு ஞாயிறு தள்ளிப் போட்டேன். மூன்றாவது வாரத்தில் அவர் இல்லை. ஐந்து ரூபாய் வித்தியாசம் வந்தால் ராத்திரி ஒன்பது மணி வரை லெட்ஜரைப் புரட்டுவோம் நாங்கள்.

நான் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஒரே காரணத்தால் யாரும் அந்த முடிவுக்குப் போவதும் இல்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரியாது. பிழைத்து வந்துவிட்டார், கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நம் குடியிருப்பில் இத்தனை வீடுகள். யாருக்கும் வராது என்று சொல்ல முடியாது. ஆகவே சில விஷயம் சொல்கிறேன்.

யார், எதற்கு, எப்படி என்று லிஃப்டில் பேச வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் அறவே வேண்டாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சிகிச்சையை மறைக்கிற குடும்பங்கள் உண்டு. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. இதை அந்த வீட்டாருக்கு மெதுவாகச் சொல்லலாம்.

பழக்கமானவர் என்றால் போய்ப் பாருங்கள். புத்திமதி வேண்டாம். "குழந்தைகளை நினைச்சுப் பார்த்தியா" என்று ஆரம்பிக்கவே கூடாது. "எப்படி இருக்கீங்க, காபி போட்டுக் கொண்டு வந்தேன்" போதும். அந்த எண்ணம் இன்னும் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் எண்ணம் கிளம்பிவிடாது என்று ஆராய்ச்சி சொல்கிறது. ஆமாம் என்று சொன்னால், தனியாக விடாமல் வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். டெலி மானஸ் 14416 எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சிநேகா எண் 044-24640050. இரண்டு எண்ணும் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் இருக்கும், செயலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

வங்கியில் டியூ டேட் டைரி என்று ஒன்று உண்டு. எந்த பில் என்றைக்கு வருகிறது என்று முன்கூட்டியே எழுதி வைப்போம், ஞாபகத்தை நம்ப மாட்டோம். முதல் வாரம் எல்லோரும் போவார்கள். ஏழாவது வாரம் யார் போவார்கள்? அந்த ஒன்பது தேதியையும் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், ஒரு புள்ளி போதும்.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் கார்டு போடுங்கள். போஸ்ட் கார்டு இன்னமும் 50 காசுதான். எல்லோரும் படிக்கிற கார்டாயிற்றே, அதனால் நலமா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வந்து வாங்கிக்கொள்ளலாம், யாருக்கு என்று கேட்க மாட்டேன்.