வலி நெசம் தம்பி



ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் சிறுவர்களாக நாங்கள் தாராசிங், கிங்காங் குஸ்தி விளையாடுவோம். சுமார் 200 கிலோ கிங்காங்காக இருக்க எவனும் இசையமாட்டான். தாராசிங் அவரைத் தூக்கியெறிந்த கதை எல்லாருக்கும் தெரியும்.

ஒருமுறை பக்கத்து ஊருக்குக் குஸ்திக்காரர்கள் வந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கொட்டகைக்குப் பின்புறம் ஓடினோம். நாங்கள் ஏசித் தீர்த்த முரடர் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தார். எண்ணெய் தடவிவிட்டவரோ, அவரைத் தோற்கடித்தவர்!

"அப்போ சண்டை பொய்யாண்ணே?"

"வலி நெசம் தம்பி" என்றார் படுத்திருந்தவர்.

இன்றைய வாசகத்தில் யாக்கோபு விடியும்வரை போராடி, தொடை மூட்டு விலகி நொண்டுகிறார் (தொடக்க நூல் 32). அந்தக் காலோடுதான், தாம் ஏமாற்றிய அண்ணனைப் பார்க்கப் போகிறார். ஏசா ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். படகுப் பங்குக்காக வருடக்கணக்கில் பேசாத அண்ணன் தம்பிகள் நம் தெருவிலும் இருக்கிறோம்.